பழைய கம்பளி நூலைச் சரிசெய்வது: நாற்றம், பூச்சி, நெளிவு, சாயம், கட்டிப்போதல்

குன்னூர், கோத்தகிரி பக்கம் பழைய கம்பளி நூலுக்குப் பஞ்சமில்லை. வெலிங்டன் ராணுவக் குடியிருப்பிலிருந்து மாற்றலாகிப் போகும் குடும்பங்கள் பாதி தீர்ந்த உருண்டைகளைக் கொடுத்துவிட்டுப் போவார்கள். பாட்டியின் பெட்டியிலிருந்து முடிக்காத ஸ்வெட்டர் ஒன்று வெளியே வரும். பழைய துணி விற்கும் இடத்தில் கனமான ஸ்வெட்டர் வாங்கிப் பிரித்தால் ஒரு குழந்தைச் சட்டைக்கும் ஒரு தொப்பிக்கும் நூல் தேறும்.

இப்படிக் கிடைத்த நூலை எடுத்துக்கொண்டு என்னிடம் வழி கேட்டு வருகிறவர்கள் அனேகமாக அதை ஏற்கெனவே ஒருமுறை வாளியில் முக்கியிருப்பார்கள். சேதத்தில் பெரும்பகுதி அந்த வாளியில் நடந்ததுதான். கம்பளி நூலில் எந்தக் குறை என்று காய்ந்த நிலையிலேயே கண்டுபிடித்துவிட முடியும். கண்டுபிடித்த பிறகு தண்ணீர் தேவையா என்று பார்ப்போம்.

## எந்தக் குறையானாலும் முதலில் செய்யவேண்டியவை

இது கம்பளிதானா? நம் கடைகளில் 'உல்லன்' என்று விற்பதில் பெரும்பாலானது அக்ரிலிக். பழைய ஆட்கள் கேஷ்மிலான் என்பார்கள். ஒரு விரல் நீளம் வெட்டி, இடுக்கியில் பிடித்து, சிங்க்கின் மேல் வைத்துக் கொளுத்துங்கள். கம்பளி தயங்கித் தயங்கி எரியும், தீயை எடுத்தால் அணையும், முடி கருகும் நாற்றம் வரும், மிஞ்சிய கரி விரலில் பொடியாகும். அக்ரிலிக் உருகி, கரும்புகை விட்டு, நசுக்க முடியாத கட்டியாக நிற்கும். இரண்டும் கலந்து தெரிந்தால் கலப்பு நூல். அதிலும் சந்தேகமென்றால் ஒரு துண்டைத் தரை கழுவும் ப்ளீச்சில் சில மணி நேரம் போட்டுவையுங்கள். கம்பளி கரைந்துபோகும், அக்ரிலிக் அப்படியே கிடக்கும்.

பலம் இருக்கிறதா? ஒரு சாண் துண்டை இரண்டு கையாலும் மெல்ல இழுங்கள். நல்ல கம்பளி கொஞ்சம் நீண்டு கொடுத்து, பிறகு 'பட்'டென்று அறும். நலிந்தது நீளாமல், சத்தமில்லாமல் பிரிந்து வந்துவிடும். இன்னொரு துண்டை நனைத்து அதேபோல் இழுத்துப் பாருங்கள். ஈரத்தில் கம்பளியின் பலம் குறையும் என்பதால் அங்கே தெரிவதுதான் உண்மை நிலை. உருண்டையின் மேல்சுற்று, நடு, உள் என மூன்று இடத்திலும் சோதியுங்கள். வெயில் படும் அலமாரியில் இருந்த உருண்டையில் மேல்சுற்று மட்டும் செத்திருக்கும், உள்ளே நூல் புதிதாக இருக்கும். மேலே உள்ளதை எடுத்து எறிந்தால் வேலை முடிந்தது.

உள்நூலும் நலிந்திருந்தால் இதற்குமேல் படிக்க வேண்டாம். அந்த நூலுக்கு மருந்து கிடையாது.

## குளியல் முறை

கீழே பல இடங்களில் 'குளியல்' என்று வரும். அது இதுதான்.

உருண்டையாக நனைக்காதீர்கள், உள்ளே ஈரம் தங்கி நாறும். நாற்காலி முதுகில் சுற்றிச் சிட்டமாக்கி, வெள்ளைப் பருத்தி நூலால் நான்கு இடங்களில் எட்டு வடிவில் தளர்வாகக் கட்டுங்கள். கை வைத்தால் சூடும் தெரியாமல் குளிரும் தெரியாமல் இருக்கும் தண்ணீர், சுமார் 30 டிகிரி. ஈஸி மாதிரி கம்பளிக்கான திரவ சோப்பு அரை மூடி போதும். பூந்திக்கொட்டை இருந்தால் இன்னும் நல்லது: ஐந்தாறு கொட்டைகளை விதை நீக்கி இரவு ஊறவைத்து, காலையில் கொதிக்கவிட்டு வடிகட்டினால் அரை வாளிக்கு வரும். வெள்ளை நூலுக்கு மட்டும் அது வேண்டாம், லேசாகப் பழுப்பேறும். சலவை சோடா, துணி சோப்புக்கட்டி இரண்டும் காரம் மிகுந்தவை, கம்பளிக்கு ஆகாது.

சிட்டத்தைத் தண்ணீரில் அழுத்தி அமிழ்த்தி அரைமணி நேரம் விட்டுவிடுங்கள். தேய்க்கக் கூடாது, முறுக்கக் கூடாது. அலசும் தண்ணீரும் அதே சூட்டில் இருக்க வேண்டும். இதைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். மலையில் டிசம்பர் மாதக் குழாய்த் தண்ணீரில் அலசினால், அதுவரை ஒழுங்காக இருந்த நூல் அந்த அதிர்ச்சியில் சுருங்கக்கூடும். கடைசி அலசலில் நான்கு லிட்டருக்கு ஒரு மேசைக்கரண்டி வெள்ளை வினிகர். துண்டில் சுருட்டி அழுத்தி ஈரத்தை எடுத்து, நிழலில் காற்றோட்டமாகத் தொங்கவிடுங்கள்.

## குறை: அந்துருண்டை வாடை

பலர் இதற்கு மூன்று நான்கு முறை துவைத்துச் சலித்துப்போகிறார்கள். நாப்தலின் தண்ணீரில் கரையாது என்பதால் துவைத்துப் பயனில்லை. அது காற்றில் ஆவியாகித்தான் போக வேண்டும்.

உருண்டையைச் சிட்டமாகப் பிரித்து, காற்றோட்டமான நிழலில் இரண்டு வாரம் தொங்கவிடுங்கள். வெதுவெதுப்பான இடமென்றால் சீக்கிரம் போகும். சமவெளியில் மொட்டைமாடிக் கொட்டகை மலைவீட்டு வராந்தாவைவிட வேகம். போய்விட்டதா என்று அறிய, ஒரு துண்டை எவர்சில்வர் டப்பாவில் இரவு மூடிவைத்துக் காலையில் திறந்து முகருங்கள். வாடை வந்தால் இன்னும் ஒரு வாரம். நின்றபிறகு ஒரு குளியல்.

கைக்குழந்தைக்குப் பின்னுவதென்றால் இந்த நூலை நான் எடுக்கவே மாட்டேன். ஜி6பிடி என்ற நொதி குறைவாக உள்ள குழந்தைகளுக்கு நாப்தலின் ஆவி ரத்தச் சிவப்பணுக்களைச் சிதைக்கும். அந்தக் குறை இருப்பது பல வீடுகளில் தெரியாமலே இருக்கும்.

## குறை: மக்கல் வாடை, புள்ளிகள்

வாடை மட்டும், புள்ளி இல்லை. ஈரம் தங்கியது, அவ்வளவுதான். சிட்டமாக்கி ஒரு நாள் காற்றில் விட்டு, குளியல் போட்டு, கடைசி அலசலில் வினிகரை இரட்டிப்பாக்குங்கள். மழைக்காலத்தில் இதைத் தொடங்காதீர்கள். மூன்று நாளாகியும் காயாமல் மறுபடி அதே வாடை வரும்.

வெள்ளை அல்லது பச்சைப் பொடி மேலாக இருக்கிறது. மூக்கை மூடிக்கொண்டு, வீட்டுக்கு வெளியே வைத்து, பழைய பல்துலக்கும் பிரஷ்ஷால் தட்டிவிடுங்கள். காலை வெயிலில் ஒரு மணி நேரம், பிறகு குளியல். காய்ந்ததும் இழுத்துப் பார்க்கும் சோதனையை மறுபடி செய்யுங்கள்.

கரும்புள்ளி இழைக்குள் இறங்கியிருக்கிறது. கறை போகாது. நூல் பலமாக இருந்தால் அடர்நிறச் சாயம் ஏற்றி மறைக்கலாம். பலமில்லையென்றால் பாலித்தீன் பையில் கட்டி வெளியே போடுங்கள். வீட்டில் ஆஸ்துமா உள்ளவர் இருந்தால் பூஞ்சணம் பிடித்த நூலோடு மல்லுக்கட்ட வேண்டாம்.

குடும்பத்தில் வழிவழியாக வந்த முடிக்காத பின்னல் என்றால் நீங்களாகத் துவைக்காதீர்கள். காற்றோட்டமான இடத்தில் பருத்தித் துணியில் விரித்து வைத்துவிட்டு, பழந்துணிகளைப் பாதுகாக்கத் தெரிந்த ஒருவரிடம் முதலில் கேளுங்கள். சென்னை எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தில் இதற்கான வேதியியல் பாதுகாப்பு ஆய்வகம் இருக்கிறது. யாரை அணுகலாம் என்று அங்கே விசாரிக்கலாம்.

## குறை: சமையல் வாடை, சிகரெட் வாடை

ஒரு வாரம் காற்றில், பிறகு குளியல். போகவில்லையென்றால் இன்னொரு குளியல். பெரும்பாலும் இதோடு தீரும். நறுமணத் திரவம் ஊற்றி மறைக்காதீர்கள், கடைசியில் இரண்டு வாடையும் சேர்ந்து நிற்கும்.

## குறை: உருண்டையைச் சுற்றச் சுற்ற அறுந்து அறுந்து வருகிறது

முதலில் அறுந்த முனைகளைப் பாருங்கள்.

முனை சீராக, கத்தரித்ததுபோல் இருக்கிறது, எல்லாத் துண்டும் கிட்டத்தட்ட ஒரே நீளம். இது பூச்சியின் வேலை இல்லை. ஸ்வெட்டர் மெஷினில் துணியாகப் பின்னப்பட்டு, வெட்டி, ஓவர்லாக் போட்டுத் தைத்தது. அப்படிப்பட்டதைப் பிரித்தால் ஒவ்வொரு வரியும் தனித்தனித் துண்டாகத்தான் வரும். வாங்கும் முன்பே உள்பக்கத் தையலைத் திருப்பிப் பாருங்கள். ஓரம் முழுக்க நெருக்கமான ஓவர்லாக் தையல் தெரிந்தால் வைத்துவிடுங்கள். ஓரங்கள் முழுதாக இருந்து, சங்கிலித் தையலால் மட்டும் இணைத்திருந்தால் அது நல்ல கொள்முதல்.

முனை ஒழுங்கில்லாமல், மென்று துப்பியதுபோல் இருக்கிறது. பூச்சி. ஒரு கறுப்புக் காகிதத்தின் மேல் சிட்டத்தை உதறுங்கள். மணல்போல் உதிர்ந்தால் அது அந்துப்புழுவின் எச்சம். நூல் சிவப்பென்றால் எச்சமும் சிவப்பாக இருக்கும் என்பதால் சாயத்தூள் என்று நினைத்துவிடுவார்கள். பட்டுபோல மெல்லிய வலைக்குழாய் தெரிந்தாலும் அதே பூச்சிதான். முள்முள்ளாக ரோமம் கொண்ட பழுப்புத் தோலுரிகள் கிடந்தால் கம்பள வண்டின் புழு. நம் ஊர்ச் சுவர்களில் பூசணி விதை அளவுக்குச் சாம்பல் கூடு ஒன்றை இழுத்துக்கொண்டு ஒரு புழு ஊருமே, அதையும் சும்மா விடாதீர்கள். ஒட்டடையும் உதிர்ந்த முடியும் தின்று வாழ்வது, கம்பளி கிடைத்தால் அதையும் தின்னும்.

விளக்கைச் சுற்றிப் பறக்கும் பூச்சியைக் கண்டு பதற வேண்டாம். கம்பளி அந்து இருட்டை விரும்புவது. தின்பதும் புழுதான், பறக்கும் பூச்சி அல்ல.

கொல்வதற்குச் சுலபமான வழி குளிர். காய்ந்த நூலை இரட்டைப் பாலித்தீன் பையில் காற்றை வெளியேற்றி இறுகக் கட்டி, மைனஸ் 18 டிகிரி போகும் டீப் ஃப்ரீசரில் இரண்டு வாரம் வையுங்கள். ஒற்றைக் கதவு ஃப்ரிட்ஜின் ஐஸ் பெட்டி அந்தக் குளிருக்குப் போகும் என்று நம்ப முடியாது. தெரிந்த கடையின் டீப் ஃப்ரீசரில் ஒரு மூலை கேட்டு வாங்குவது மேல். வெளியே எடுத்ததும் பையைப் பிரிக்காமல் ஒரு நாள் விடுங்கள், இல்லையென்றால் நூலின் மேல் நீர் கோத்துவிடும். அப்புறம் உதறி, குளியல்.

வேப்பிலையும் வசம்பும் போட்டுவைப்பது நல்ல பழக்கம். ஆனால் உள்ளே இருக்கிற முட்டையையும் புழுவையும் அவை கொல்லா. சுத்தம் செய்த நூலை இறுக மூடும் டப்பாவில் வைப்பதைத்தான் நான் நம்புகிறேன். சுத்தமான கம்பளியைவிட வியர்வையும் உணவுக்கறையும் படிந்த கம்பளியே புழுவுக்குப் பிடிக்கும் என்பதால் துவைத்து வைப்பதே பாதிப் பாதுகாப்பு.

இனி அறுந்ததை இணைப்பது. துண்டுகள் இரண்டு மூன்று மீட்டருக்கு மேல் இருந்தால் இணைக்கலாம். இரு முனைகளிலும் புரியைக் கொஞ்சம் பிரித்து, ஒன்றன்மேல் ஒன்றை வைத்து, தண்ணீர் தொட்டு, உள்ளங்கையில் சூடேறும்வரை உருட்டுங்கள். இழைகள் கவ்விக்கொள்ளும், முடிச்சே தெரியாது. கவ்வவில்லையென்றால் அது சூப்பர்வாஷ் செய்த, அதாவது துவைத்தால் கட்டிப்போகாதபடி பதப்படுத்திய கம்பளி, அல்லது கலப்பு. முனையைத் தைக்கும் ஊசியால் அதே நூலுக்குள் திருப்பிச் செருகி இணையுங்கள். துண்டுகள் ஒரு மீட்டருக்கும் குறைவென்றால் ஸ்வெட்டர் கனவை விட்டுவிடுங்கள். தொப்பிக் குஞ்சம், பொம்மைக்குள் அடைப்பு, சிறு தறியில் ஊடுநூல் என்று போகட்டும்.

எப்போது ஆளைக் கூப்பிடுவது: அந்த ஒரு பையோடு நிற்காமல் அலமாரி இடுக்கு, தரைவிரிப்பு, மற்ற கம்பளிகள் என்று புழு பரவியிருந்தால் பூச்சி ஒழிப்பு ஆட்களை அழையுங்கள். கம்பளி அந்து என்று முன்கூட்டியே சொல்லுங்கள்; கரப்பானுக்கு அடிக்கும் முறை வேறு. நூலின்மேல் மருந்து தெளிக்க விடாதீர்கள்.

## குறை: பிரித்த நூல் நெளிநெளியாக இருக்கிறது

அவசரப்பட்டு அப்படியே பின்னுகிறவர்கள் உண்டு. மாதிரித் துண்டில் கண்ணி எண்ணிக்கை பொய் சொல்லும். முதல் துவைப்பில் நெளிவு நீங்கியதும் ஸ்வெட்டரின் அளவே மாறிவிடும்.

சாதாரண நெளிவு. ஒரு குளியல் போதும். தொங்கவிடும்போது நீர் நிரம்பிய புட்டியைக் கட்டிவிடுவது வழக்கமாகிவிட்டது. எனக்கு அதில் உடன்பாடில்லை. நூல் அப்போதைக்கு இழுபட்டு நேராகும், பின்னி முடித்து நனைத்ததும் பழைய நீளத்துக்குத் திரும்பும், கை நீளம் குறைந்துவிட்டது என்று மறுபடி வருவார்கள். சிட்டத்தின் சொந்த எடையே போதும். நடுவில் ஓரிரு முறை சிட்டத்தைச் சுழற்றி, மேலிருந்த பகுதியைக் கீழே கொண்டுவாருங்கள்.

குளித்தும் நெளிவு மிச்சம். பல வருடம் ஒரே ஸ்வெட்டராக இருந்த நூல் இப்படிப் பிடிவாதம் பிடிக்கும். கொதிக்கும் பாத்திரத்துக்கு ஒரு சாண் மேலே, கம்பில் மாட்டிய சிட்டத்தை ஆவியில் காட்டுங்கள். கண்ணுக்கு முன்னாலேயே நெளிவு இறங்கும். கையைச் சுட்டுக்கொள்ளாமல் கம்பின் இரு முனையையும் பிடியுங்கள்.

குளியலில் அசையவே இல்லை. எரித்துப் பார்க்காமல் விட்டிருப்பீர்கள், அக்ரிலிக். ஆவி ஓரளவு உதவும். அதிகமானால் துள்ளல் போய்த் துவண்டுவிடும், அதை மீட்க முடியாது. ஒரு துண்டில் பார்த்துவிட்டுச் செய்யுங்கள்.

## குறை: பிசுபிசுப்பு

கூம்பு வடிவக் குழலில் சுற்றி வந்த நூலென்றால் அது ஆலையில் போட்ட நூற்பு எண்ணெய். மெஷின் பின்னலுக்காக விட்டுவைப்பார்கள். ஆட்டு மணத்தோடு வழவழப்பாக இருந்தால் லனோலின், அது ஆட்டின் சொந்தக் கொழுப்பு. மழைத்தொப்பிக்குப் பின்னுவதென்றால் இருக்கட்டும், நீரைத் தள்ளும். அடுக்களைப் பிசுக்கு என்றால் முகர்ந்தாலே தெரியும்.

மூன்றுக்கும் ஒரே வைத்தியம். லனோலின் 40 டிகிரி பக்கம்தான் உருகும். ஆகவே 45 முதல் 50 டிகிரி சூட்டில், சோப்பு சற்றுக் கூடுதலாக விட்டு, கை வைக்காமல் கால் மணி நேரம் ஊறவிடுங்கள். சூடு மட்டும் நூலைக் கெடுப்பதில்லை, சூட்டோடு தேய்ப்பதுதான் கெடுக்கும். தண்ணீர் ஆறுவதற்குள் எடுத்துவிட வேண்டும், ஆறினால் பிசுக்கு திரும்ப இழையில் படியும். அதே சூட்டு நீரில் அலசுங்கள்.

எலாஸ்டிக் கலந்த நூல் பழசாகிப் பிசுபிசுத்தால் உள்ளிருக்கும் ரப்பர் இழை சிதைகிறது என்று பொருள். அதற்கு வழியில்லை.

## குறை: சாயம் இறங்குகிறது

குளியலுக்கு முன்பே ஈரமான வெள்ளைத் துணியை நூலின்மேல் ஒரு நிமிடம் அழுத்திப் பாருங்கள். நிறம் ஒட்டினால் அந்த நூலைத் தனியாக வையுங்கள். இருநிறப் பின்னலென்றால் முதலில் பிரித்து நிறம் நிறமாகச் சிட்டமாக்குங்கள்.

மிச்சச் சாயம். இரண்டு மூன்று அலசலில் தண்ணீர் தெளிந்துவிடும்.

தெளியவே இல்லை. கல்லுப்பு போடச் சொல்வார்கள். கம்பளியில் உப்பு சாயத்தைப் பிடித்து நிறுத்தாது. குளிர்ந்த நீரில் வினிகர் விடுவதும் போதாது. கம்பளிச் சாயங்களில் பெரும்பாலானவைக்குப் புளிப்பும் சூடும் சேர வேண்டும். நனைந்த சிட்டத்தை எவர்சில்வர் பாத்திரத்தில் நிறையத் தண்ணீரும் நான்கு லிட்டருக்கு அரைக் கோப்பை வினிகரும் விட்டுப் போட்டு, மெல்லிய தீயில் அரைமணிக்கு மேல் எடுத்துச் சூடேற்றுங்கள். சிறு குமிழிகள் வரும் நிலையில், கொதிக்கவிடாமல், அரைமணி நேரம். கிளறக் கூடாது. அடுப்பை அணைத்து அந்த நீரிலேயே இரவு முழுக்க ஆறவிடுங்கள். காலையில் தண்ணீர் தெளிவாக இருந்தால் சாயம் பிடித்துவிட்டது. அந்தப் பாத்திரத்தை மறுபடி சமையலுக்கு எடுக்காதீர்கள்.

மஞ்சள் போன்ற இயற்கைச் சாயமாக இருக்குமோ என்று தோன்றினால் நூலின் ஒரு துண்டில் துணி சோப்புக்கட்டி கரைத்த நீர் தொட்டுப் பாருங்கள். செக்கச் சிவந்தால் மஞ்சள்தான். அது துவைக்கத் துவைக்கப் போகும், வெயிலிலும் போகும்.

இரண்டு முறை சூடேற்றியும் நிற்காத சாயத்துக்கு மேலும் மெனக்கெட வேண்டாம். கம்பளிக்குச் சாயம் போடத் தெரிந்த ஒருவரிடம் கொடுத்து அடர்நிறம் ஏற்றச் சொல்லலாம். புதிய நூலின் விலையைவிடக் கூலி கூடினால் விட்டுவிடுங்கள்.

## குறை: துவைத்தபின் சொரசொரப்பு, வெள்ளைப் படலம்

ஆழ்துளைக் கிணற்று நீர். உப்புநீரும் சோப்பும் சேர்ந்து இழைமேல் படிந்திருக்கிறது. நான்கு லிட்டருக்கு இரண்டு மேசைக்கரண்டி வினிகர் விட்டுப் பத்து நிமிடம் ஊறவைத்து அலசுங்கள். அடுத்தமுறை மழைநீர் பிடித்துவைத்துத் துவைத்தால் நூல் எவ்வளவு மென்மையாக வருகிறது என்று நீங்களே பார்ப்பீர்கள்.

## குறை: வெள்ளை நூல் மஞ்சளித்துவிட்டது

குளோரின் ப்ளீச் பக்கமே போகாதீர்கள். சோதனைத் துண்டு கரைந்ததைப் பார்த்தீர்கள். மருந்துக்கடையில் ஹைட்ரஜன் பெராக்ஸைடு வாங்கி லேபிளில் எத்தனை சதவீதம் என்று பாருங்கள். 6 சதவீதமென்றால் ஒரு பங்குக்கு ஐந்து பங்கு வெதுவெதுப்பான நீர், 3 சதவீதமென்றால் இரண்டு பங்கு. கையுறை போட்டுக்கொண்டு, பிளாஸ்டிக் வாளியில், முதலில் ஒரு துண்டு, பிறகு சிட்டம். ஒரு மணி நேரம் கழித்துப் பார்த்து, போதுமென்றால் எடுத்து நன்றாக அலசுங்கள். வெயிலில் மஞ்சளித்தது முழு வெள்ளைக்குத் திரும்பாது, பால் நிறத்தில் நிற்கும். எனக்கு அந்த நிறம் பிடிக்கும். பளிச்சென்ற வெள்ளையைவிடப் பின்னலில் அழகு.

## குறை: நூல் ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டிப்போய்விட்டது

சூடு, தேய்ப்பு, காரம் மூன்றும் சேர்ந்த விளைவு. இரண்டு இழைகளை விரலால் பிரித்துப் பாருங்கள்.

ரோமம் மட்டும் பின்னிக்கொண்டிருந்தால், வெதுவெதுப்பான நீரில் தலைக்குப் போடும் கண்டிஷனர் கொஞ்சம் கரைத்து அரைமணி ஊறவைத்து, ஈரம் இருக்கும்போதே முனையிலிருந்து இழை இழையாகப் பிரித்தெடுங்கள். பொறுமை வேண்டும், ஆனால் வரும்.

பிரிக்கும்போது இழையே பிய்கிறது, எங்கே ஒரு நூல் முடிந்து மற்றது தொடங்குகிறது என்றே தெரியவில்லை என்றால் நூலாக அது திரும்பாது. ட்ரை கிளீனரிடம் கொடுத்தாலும் அவரால் முடியாது, காசுதான் போகும். முழு ஸ்வெட்டராகவே கட்டிப்போயிருந்தால் பிரிக்க முயலாமல் இன்னும் ஒருமுறை சூடான நீரில் நன்றாகத் தேய்த்து முழுசாகக் கட்டவிடுங்கள். காய்ந்ததும் கத்தரியால் வெட்டலாம், ஓரம் பிரியாது. காலணிக்குள் போடும் அடித்தாள், சூடான பாத்திரம் பிடிக்கும் துணி, ஊசி குத்திவைக்கும் மெத்தை எல்லாம் அதில் வரும்.